வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஏறுகிறவள்

காலை 8.05-க்கு வடசென்னையின் காலாடிப்பேட்டையில் சென்னை மெட்ரோ ஏறுகிறேன். நான் போகவேண்டிய இடம் கிண்டி. அந்த ரயில் கிண்டி வழியாக விமான நிலையம் வரைக்கும் நேராகப் போகிறது. இருந்தும் நான் வண்ணாரப்பேட்டையில் இறங்கிவிடுகிறேன். இறங்கி மூன்று நிமிடம் நின்று, அடுத்த ரயிலில் ஏறிக் கிண்டி போகிறேன்.

முதல் தடவை இதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் அன்று சாயங்காலமே வந்து கேட்டாள். "என்னக்கா, பாதியிலயே இறங்கிட்டீங்க? எதையாவது மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. உட்கார்ந்து போகத்தான் இறங்கினேன்.

விஷயம் இதுதான். பீக் அவரில் நீல வழித்தடத்தில் இரண்டு வகை ரயில் ஓடுகிறது. ஒன்று விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை முழு தூரமும் போவது. அது ஆறு நிமிடத்துக்கு ஒன்று. இன்னொன்று வண்ணாரப்பேட்டையில் கிளம்பி ஆலந்தூரோடு திரும்பிவிடுவது. முழு ரயில் இரண்டுக்கு நடுவில் இந்தக் குட்டை ரயில் ஒன்றைச் செருகியிருப்பதால் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவில் மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று ஆகிவிடுகிறது. மண்ணடியில் நிற்கிறவருக்கு மூன்று நிமிடம். டோல்கேட்டில் நிற்கிறவருக்கு ஆறு.

எங்கள் ரயில் விம்கோ நகரிலேயே ஆள் ஏற்றிக்கொண்டு, திருவொற்றியூர், தேரடி என்று சேர்த்துக்கொண்டு வருகிறது. காலாடிப்பேட்டையில் எனக்கு நிற்க மட்டும் இடம். தண்டையார்பேட்டை தாண்டினால் அந்த இடமும் பாதியாகும். குட்டை ரயிலோ வண்ணாரப்பேட்டையில் துடைத்துவிட்ட மாதிரி காலியாக வந்து நிற்கும். எந்த சீட் வேண்டும் என்று யோசித்து உட்காரலாம்.

அடுத்த ஸ்டேஷனான மண்ணடியில்தான் வேடிக்கை. அங்கே நிற்கிறவர்கள் எது முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறார்கள். ஆயிரம் விளக்கில் இறங்கப்போகிறவருக்கு இரண்டு ரயிலும் ஒன்றுதான், ஆனாலும் நிரம்பி வழியும் முழு ரயிலில் தோளைச் செருகி ஏறுவார். மூன்று நிமிடத்தில் பின்னால் காலி ரயில் வருகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பலகையில் கடைசி ஸ்டேஷன் பெயரும் நிமிடமும் வரும். ஆலந்தூர் என்று போட்டிருந்தால் அது வண்ணாரப்பேட்டையில் புறப்பட்ட ரயில், அதில் இடம் இருக்கும் என்பதைத் தினமும் போகிறவர்களிலேயே பாதிப் பேர் யோசித்திருக்க மாட்டார்கள். நானே எட்டு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, இருபத்தியிரண்டு வருடம். எண்ணைப் பார்த்தால் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். எல்லா ரயிலையும் முழு தூரம் மூன்று நிமிடத்துக்கு ஒன்று விடக்கூடாதா என்று எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டவள்தான். ஒரு நாள் ரயிலிலேயே டிபன் துணியை மடியில் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டேன்.

நீல வழித்தடம் சுமார் 32 கிலோமீட்டர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். போய்த் திரும்பி, இரண்டு முனையிலும் திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. 120 நிமிடத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் 20 ரயில் வேண்டும். மூன்று நிமிடம் என்றால் 40. பச்சை வழித்தடம், அதாவது சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை போவது, 22 கிலோமீட்டர். அதற்கு ஆறு நிமிடத்துக்கு ஒன்று வைத்தாலே 15 ரயில் ஆகும். 40-ம் 15-ம் 55. முதல் கட்டத்துக்கு வாங்கிய ரயில்களோ மொத்தமே 52. முதலில் 42, பிறகு வடக்கு நீட்டிப்புக்காக 10. அதிலும் தினமும் சிலது பராமரிப்புக்குப் போய்விடும், சிலதைத் தயாராக ஓரமாக நிறுத்திவைக்க வேண்டும்.

ஆக அந்தக் குட்டை ரயில் யாரோ வடசென்னையை மறந்துபோய்ச் செய்த வேலை இல்லை. ரயில் பற்றாமல் செய்த ஏற்பாடு. இருக்கிற மாவுக்கு எத்தனை தோசை என்று பார்த்து ஊற்றியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு என் கோபம் கொஞ்சம் தணிந்தது. முழுக்கத் தணியவில்லை. கடைசித் தோசை ஏன் எப்போதும் எங்கள் பக்கமே சின்னதாக விழுகிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 2015 ஜூனில் கோயம்பேடு-ஆலந்தூர் ஓட ஆரம்பித்தது. வண்ணாரப்பேட்டைக்கு 2019 பிப்ரவரியில் வந்தது. அதைத் தாண்டி எங்களுக்கு வர 2021 பிப்ரவரி ஆனது. எங்கள் தேரடி ஸ்டேஷன் அதற்கும் ஒரு வருடம் கழித்து.

மெட்ரோ வருமுன் எப்படிப் போனேன் என்று நினைத்தால் இப்போதைய நெரிசலைக் குறைசொல்ல வாய் வராதுதான். திருவொற்றியூரில் மின்சார ரயில் பிடித்து, பீச்சில் மாறி, கிண்டி. மழை நாளில் அது எப்படி என்று வடசென்னைக்காரர்களைக் கேளுங்கள். (நடுவில் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இதற்கு சப்வே என்கிறார்கள். நம் ஊரில் சப்வே என்றால் துரைசாமி சப்வே, அரங்கநாதன் சப்வே, கணேசபுரம் சப்வே. ஒரு நல்ல மழைக்கு முதலில் மூழ்குவது எதுவோ அதுதான் சப்வே. நம் ரயிலுக்கு அந்தப் பெயர் வராமல் போனது நல்லதே.)

என் அப்பா பல்லவன் போக்குவரத்துக் கழக பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இப்போது வயது 84. கூட்டம் என்று நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார்.

"கூட்டம்னா ஆள் அதிகம்னு அர்த்தம் இல்லம்மா. ஆள் ஒரே எடத்துல நிக்கிறாங்கன்னு அர்த்தம்."

அவர் காலத்து பஸ்ஸில் இரண்டு படி. ஸ்டாப்பில் நிற்கிற கூட்டம் முழுக்கப் பின்படியிலேயே மொய்க்கும். டிரைவரிடம் சொல்லி வைத்து பஸ்ஸை ஸ்டாப்புக்குப் பத்தடி தள்ளி நிறுத்தச் சொல்வாராம். ஓடிவருகிறவர்கள் தானாகவே இரண்டு படிக்கும் பிரிந்துவிடுவார்கள். எங்களுக்கு எரிச்சலூட்டிய அந்தத் தள்ளி நிறுத்துகிற பழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு காரணமும் உண்டு என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். எல்லா டிரைவரும் இந்த நல்லெண்ணத்தில்தான் தள்ளி நிறுத்தினார்கள் என்று நான் நம்பவில்லை, அது வேறு.

படியில் நிற்கிறவர்கள் மேல்தான் அப்பாவுக்குத் தீராத கோபம். "உள்ள ரெண்டு குடும்பம் படுத்துத் தூங்கலாம், அவ்ளோ எடம் இருக்கும். இவன் அடுத்த ஸ்டாப்புல இறங்கணும்னு படியில நிப்பான். மொத்த பஸ்ஸையும் அவன் ஒருத்தன் புடிச்சு வச்சிருக்கான்."

மெட்ரோவிலும் இதேதான். ஒரு பெட்டிக்கு ஒரு பக்கம் நான்கு கதவு, நான்கு பெட்டிக்குப் பதினாறு. பதினாறு கதவிலும் நான்கைந்து பேர் முதுகில் பை மாட்டிக்கொண்டு கண்ணாடித் தடுப்பில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பெட்டியின் நடுவில், சீட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில், கையை வீசி நடக்கலாம். கதவு திறக்கிறது. இறங்குகிறவர்கள் அந்த நான்கைந்து பேரைப் பிளந்துகொண்டு இறங்க வேண்டும், ஏறுகிறவர்கள் அதற்குள் தலையை நீட்டிவிடுகிறார்கள். சென்ட்ரலில் இதை நின்று பார்த்தால் புரியும். கதவு மூட ஆரம்பித்து, யாரோ பையை நீட்ட, மறுபடி திறந்து, மறுபடி மூடுகிறது. பத்து விநாடி போனது. சரி, பத்து விநாடிதானே என்று தோன்றும். பின்னால் மூன்று நிமிடத்தில் ஒரு ரயில் வருகிறது. அதுவும் சுரங்கத்தில் மெதுவாகும். அதற்குப் பின்னால் வருவதும். மூன்று நிமிட இடைவெளி நான்காகி, அந்த அதிகப்படி நிமிடத்தில் அடுத்த ஸ்டேஷனில் இன்னும் நாற்பது பேர் சேர்ந்து, அவர்கள் ஏற இன்னும் நேரம் பிடித்து, இப்படியே வளரும்.

இதில் நானும் யோக்கியம் இல்லை. போன ஆடி மாதம் ஒரு நாள் ஓடிப்போய் ஏறியதில் குடை கதவில் மாட்டிக்கொண்டது. கதவு திறந்து மூடியது. பெட்டி முழுக்க என்னைப் பார்த்தது. அப்பா வேலை பார்த்த பஸ்ஸாக இருந்தால் விசில் அடித்துத் திட்டியிருப்பார்.

விசில் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் மெட்ரோவில் இல்லாத ஒரே ஆள் கண்டக்டர்தான். டிக்கெட் கொடுக்க வேண்டாம், அதைக் கதவே பார்த்துக்கொள்கிறது. "உள்ள போங்க, உள்ள நகர்ந்து போங்க" என்று உரிமையோடு கத்த ஒரு குரல் இல்லை. ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் வருகிறது, ஆனால் அது எல்லோரிடமும் பேசுவதால் யாரிடமும் பேசுவதில்லை. சென்ட்ரல், அரசினர் தோட்டம், கிண்டி, ஆலந்தூர் என்று நாலைந்து ஸ்டேஷனில் மட்டும், காலை இரண்டரை மணி நேரம், மாலை இரண்டரை மணி நேரம், தொண்டை நன்றாக இருக்கும் நாலு பேரைப் பிளாட்பாரத்தில் நிறுத்தினால் போதும். ஓய்வுபெற்ற கண்டக்டர்களாகப் பார்த்து எடுத்தால் இன்னும் உத்தமம். இது விளையாட்டுக்குச் சொல்வது இல்லை.

பெரிய தீர்வு என்றால் பெட்டிதான். முதல் கட்ட ஸ்டேஷன்களைக் கட்டும்போதே ஆறு பெட்டி ரயிலுக்கு என்று நீளமாகக் கட்டினார்கள். ஓடுவது நான்கு பெட்டி. கிண்டியில் ரயில் போன பிறகு பிளாட்பாரத்தின் ஓரம் வரை நடந்து பாருங்கள், யாரும் போகாத ஒரு துண்டு இருக்கும். புறா மட்டும் உலாத்தும். நான்கு பெட்டி ரயிலில் 1,276 பேர் போகலாம் என்பது கணக்கு. மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 20 ரயில், ஒரு பக்கத்துக்கு 25,520 பேர். அதே ரயில் ஆறு பெட்டி ஆனால் ஒன்றுக்கு 1,900-க்கு மேல், மணிக்கு 38,000. தண்டவாளம் கூடுதல் வேண்டாம், சுரங்கம் தோண்ட வேண்டாம். எங்கள் வடக்குப் பக்கம் ஆறு நிமிடமாகவே இருந்தாலும் வருகிற ரயிலில் ஒன்றரை மடங்கு இடம். ஆறு பெட்டி ரயில் 28 வாங்கும் திட்டம் பல காலமாகப் பேச்சில் இருக்கிறது. 2025 ஜூலையில் ஒரு மாதத்துப் பயணிகள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. பேச்சு இனிமேல் வேகம் எடுக்கவேண்டிய நேரம்.

இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்தும் கலங்கரை விளக்கத்திலிருந்தும் 118.9 கிலோமீட்டருக்கு மூன்று வழித்தடம் வருகிறது. அதில் மூன்று பெட்டி ரயில்தான். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலே போதாத ஊரில் மூன்றா? ஆனால் அவை ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடியவை. ஒவ்வொரு ரயிலுக்கும் ஆள் போட வேண்டாம் என்றால் சின்ன ரயிலை அடிக்கடி விடலாம். பெரிய வண்டி எப்போதாவது வருவதைவிடச் சின்ன வண்டி நிமிடத்துக்கு நிமிடம் வருவது நல்லது என்று ஷேர் ஆட்டோவில் போன எவருக்கும் தெரியும். ஆனால் அடிக்கடி விட ரயில் நிறைய வாங்கவேண்டும். என் 52 ரயில் கணக்கு அங்கேயும் வந்து நிற்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாம் எல்லோரும் ஏன் ஒரே நேரத்தில் போகிறோம்?

என் அண்ணன் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே 2013-ல் ஒரு ஏற்பாடு செய்தார்களாம். நகரத்தின் நடுவில் இருக்கும் சில ஸ்டேஷன்களில் காலை 7.45-க்குள் வெளியே வந்துவிட்டால் ரயில் கட்டணமே கிடையாது. 2017 கடைசி வரை அது இருந்தது, பிறகு முழு இலவசத்தை எடுத்துவிட்டுச் சலுகையாக மாற்றிவிட்டார்கள். "அத்தை, காசு மிச்சமாகுதுன்னு அஞ்சரைக்கே எழுந்து குளிச்சுட்டு ஓடுவோம்" என்றாள். நமக்கு இங்கே கார்டிலோ கியூஆரிலோ எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. அது நாள் முழுக்க ஒரே மாதிரி. காலை ஒன்பதுக்கு நெரிசலில் போகிறவருக்கும் 20, பிற்பகல் இரண்டுக்குக் காலி ரயிலில் போகிறவருக்கும் 20. அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய் என்றால் பத்து ரூபாய் மிச்சம். ஏழரைக்குள் வெளியே வருகிறவருக்கு அந்தப் பத்து ரூபாயை இருபது ரூபாயாக்கினால் மாதம் ஒரு தொகை நிற்கும். எங்கள் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

காசு மட்டும் போதாது, அலுவலகமும் விடவேண்டும். எங்கள் கணக்குப் பிரிவில் பதினொரு பேர். எல்லோருக்கும் 9.15. ஏன் 9.15 என்று மேனேஜரிடம் கேட்டேன். "எப்பவும் அதுதானே மேடம்" என்றார். யோசித்துப் பார்த்தால் அவருக்கும் காரணம் தெரியவில்லை. இரண்டு மாதம் பேசிப்பேசி, விரும்புகிறவர்கள் பத்து மணிக்கு வந்து ஆறே முக்காலுக்குப் போகலாம் என்று ஆனது. நான்கு பேர் மாறினார்கள். எனக்கு முடியாது, சாயங்காலம் ஏழரைக்குள் அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கவேண்டும். எஸ்டேட்டில் எத்தனை கம்பெனி! ஒவ்வொன்றிலும் நாலு பேர் மாறினால் கிண்டி எஸ்கலேட்டரின் அடியில் நிற்கும் அந்த வால் எவ்வளவு குறையும் என்று போகும்போதெல்லாம் கணக்குப் போடுகிறேன்.

சாயங்காலக் கதை வேறு. கிண்டியில் நிற்கும்போது குட்டை ரயில் முதலில் வரும். களைப்பில் எல்லோரும் ஏறிவிடுவார்கள். அது வண்ணாரப்பேட்டையோடு சரி. டோல்கேட், தேரடி போகிறவர்கள் மொத்தமாக அங்கே இறங்கி, ஏற்கெனவே நிரம்பி வரும் முழு ரயிலில் மொத்தமாக ஏறப் பார்ப்பார்கள். காலையில் எனக்கு சீட் கொடுக்கும் அதே ஏற்பாடு மாலையில் என்னை நசுக்குகிறது. அதனால் மாலையில் நான் கிண்டியிலேயே ஒரு ரயிலை விட்டுவிடுகிறேன். பெண்கள் பெட்டி நிற்கும் கோடிவரை நடந்துபோய் முழு ரயிலுக்கு நிற்பேன். அந்தப் பெட்டி முன்பு முதல் வகுப்பாக இருந்தது, இரட்டைக் கட்டணம் கொடுத்து யாரும் ஏறாமல் காற்று வாங்கிக்கொண்டு ஓடியது. அதைப் பெண்களுக்கு என்று மாற்றியதுதான் இத்தனை வருடத்தில் செலவில்லாமல் நடந்த ஒரு நல்ல காரியம் என்பேன்.

அப்பாவைப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். ஏசி நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஒரு கூட்டம் ஏறி வழக்கம்போலக் கதவோரமே நின்றது. சீட்டில் உட்கார்ந்தபடியே அப்பா குரல் கொடுத்தார். "தம்பி, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு, நடுவுல போங்க." நாற்பது வருடப் பழக்கக் குரல். மூன்று பையன்கள் ஒரு வார்த்தை பேசாமல் நடுவுக்கு நகர்ந்தார்கள். ஒருவன் பையைக் கழற்றிக் கையில்கூட வைத்துக்கொண்டான்.

என் வண்ணாரப்பேட்டை ரகசியம் இப்போது ரகசியமாக இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு கல்லூரிப் பெண், "ஆன்ட்டி, நீங்க டெய்லி ஏன் இங்க இறங்கி நிக்கிறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். மறுநாள் தோழிகள் மூவரோடு இறங்கினாள். போன வியாழக்கிழமை எண்ணினேன், முழு ரயிலிலிருந்து என்னோடு சேர்த்துப் பதினேழு பேர் இறங்கி நின்றார்கள். இதை எழுதிப் போட்டால் இன்னும் கூடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பதினேழு எழுபது ஆகி எனக்கு சீட் கிடைக்காமல் போகும் நாளில், இறங்காமல் முழு ரயிலிலேயே கிண்டி வரைக்கும் போய்ப் பார்க்கிறேன். அன்று அதில் இடம் இருக்கும்.